டெல்டா, சிக்மா, பை: இது கணக்கு அல்ல, கழகம்!



டெல்டா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? லோடு ஏற்றினால் பீம் எவ்வளவு வளையும் என்கிற டிஃப்லெக்ஷன். சிக்மா என்றால் ஸ்ட்ரெஸ். டௌ என்றால் ஷியர் ஸ்ட்ரெஸ். தீட்டா என்றால் கோணம். பை என்றால் 22/7. இந்த எழுத்துக்களைப் பார்த்தாலே அரியர் பேப்பர் ஞாபகத்துக்கு வருகிற நண்பர்களும் நம்மிடையே உண்டு!

ஆனால் அமெரிக்காவில் வணிகவியல் படிக்கும் ஒரு மாணவரிடம் போய் "டெல்டா சிக்மா பை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கால்குலேட்டரைத் தேட மாட்டார். "ஓ, நீங்களும் மெம்பரா? எந்தக் காலேஜ்?" என்றுதான் கேட்பார். ஏனென்றால் அது ஒரு மாணவர் கழகத்தின் பெயர். நூறு வருடங்களுக்கு மேல் வயதான கழகம். இப்படிப்பட்ட கழகங்களை அங்கே 'ஃப்ரெட்டர்னிட்டி' என்கிறார்கள். லத்தீன் மொழியில் 'ஃப்ராட்டர்' என்றால் சகோதரன். ஆகவே சகோதரக் கழகம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

நாமும் பேரவை வைத்திருக்கிறோம், தேர்தல் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். வேறொரு நாட்டில் நம் வயதுப் பிள்ளைகள் ஆரம்பித்த கழகம் எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொள்வதில் நமக்கு லாபம் உண்டு. வாருங்கள், பார்ப்போம்.

கிரேக்க எழுத்து எப்படி வந்தது?

1776-ஆம் வருடம் டிசம்பர் 5-ஆம் தேதி. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து சரியாக ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து 'ஃபை பீட்டா காப்பா' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரு கிரேக்க வாசகத்தின் முதல் எழுத்துக்கள்தான் அந்தப் பெயர். சங்கத்துக்கென்று ஒரு பதக்கம், ஒரு ரகசியக் கை குலுக்கல், ஓர் உறுதிமொழி. கூடிப் பேசுவார்கள், விவாதம் செய்வார்கள்.

பிற்காலத்தில் அந்தச் சங்கம் ரகசியத்தை விட்டுவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. ஆனால் கிரேக்க எழுத்து, பதக்கம், உறுதிமொழி என்ற அந்த அச்சு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதே அச்சில்தான் வார்த்தார்கள். ஒரு பேட்டர்ன் செய்துவிட்டால் எத்தனை காஸ்டிங் வேண்டுமானாலும் எடுக்கலாம் இல்லையா, அந்த மாதிரி!

இவற்றில் மூன்று வகை உண்டு. ஒரே வீட்டில் தங்கி, சாப்பிட்டு, கொண்டாடுவதற்கான சமூகக் கழகங்கள் ஒன்று. மார்க்கை வைத்து உறுப்பினர் ஆக்கும் கௌரவக் கழகங்கள் இரண்டு. ஒரே தொழிலுக்குப் படிப்பவர்கள் மட்டும் சேரும் தொழிற்கழகங்கள் மூன்று. சட்டத்துக்கு, மருத்துவத்துக்கு, பொறியியலுக்கு, வணிகத்துக்கு என்று தனித்தனியாக உண்டு. நாம் பேசப் போவது இந்த மூன்றாவது வகையைப் பற்றி.

பாலத்தில் நடந்த நால்வர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'வியாபாரத்தைக் கல்லூரியில் போய்ப் படிப்பதா?' என்று சிரித்தவர்கள் அதிகம். லத்தீன், கிரேக்கம், தத்துவம் படிப்பதுதான் படிப்பு. கணக்கு எழுதுவது கடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய கைத்தொழில். (டிப்ளமோ படிப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல!) 1881-ல் ஜோசப் வார்ட்டன் என்ற இரும்பு, நிக்கல் தொழிலதிபர் 1,00,000 டாலர் கொடுத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி தொடங்கச் செய்தார். 1896-ல் நியூயார்க் மாநிலம் கணக்காளர்களுக்குச் சட்டப்படி அங்கீகாரம் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1900-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம், கணக்கு, நிதி ஆகியவற்றுக்கென்று ஒரு பள்ளி ஆரம்பமானது. மாலை வகுப்புகள். பகலெல்லாம் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் வந்து படிப்பவர்கள்.

அந்த மாலை வகுப்பில் நாதன் லேன், ஹோவர்ட் ஜெஃபர்சன், ஃபிரெடரிக் லீச், ஜார்ஜ் பெர்கன் என்று நான்கு பேர். நால்வருக்கும் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரூக்ளினில். வகுப்பு முடிந்ததும் நான்கு பேரும் சேர்ந்து புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்தே வீடு திரும்புவார்கள். 1883-ல் திறந்த தொங்கு பாலம் அது. எஃகுக் கம்பி வடங்களில் தொங்கும் நடு ஸ்பான் மட்டும் 486 மீட்டர். சிவில் நண்பர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நடந்துகொண்டே பேசினார்கள். வகுப்பில் நடந்த பாடம், ஆபீசில் நடந்த சங்கடம், அடுத்து என்ன செய்வது என்ற கவலை. பேச்சு நட்பானது. நட்பு யோசனையானது. அப்பா, தாத்தா கம்பெனி நடத்தியவர்களுக்கு ஆள் பழக்கம் தானாக வரும். சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? நாமே ஒருவருக்கொருவர் இருந்தால் என்ன?

வேறு சில வகுப்புத் தோழர்களும் சேர, மொத்தம் பத்துப் பேர் நிறுவனர்களாக, 1904 அக்டோபர் 5-ஆம் தேதி 'ஆல்பா காப்பா சை' பிறந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய வணிகத் தொழிற்கழகம் இதுதான். அடுத்த ஆண்டு, 1905-ல், சட்டப்படி பதிவும் செய்துவிட்டார்கள். உறுப்பினர்களின் நலம், வணிகத் துறையில் ஆராய்ச்சி, பொதுமக்களிடையே நேர்மையான வணிகம் பற்றிய விழிப்பு, கல்லூரிகளில் வணிகப் பட்டப்படிப்பு வளர்வது ஆகியவை அதன் நோக்கங்கள். தங்கள் படிப்புக்கே மதிப்பு தேடித் தர வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. கிரேக்கம் படித்த கனவான்கள் வைத்துக்கொண்ட அதே எழுத்துக்களைக் கணக்கு படித்த பையன்கள் தங்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள்!

மூன்றே வருடத்தில், 1907 நவம்பர் 7-ஆம் தேதி, அதே பள்ளியில் அலெக்சாண்டர் மகாய், ஆல்ஃபிரட் மொய்செல்லோ, ஹெரால்ட் ஜேக்கப்ஸ், ஆல்பர்ட் டீன்கென் என்ற வேறு நால்வர் இன்னொரு கழகம் ஆரம்பித்தார்கள். அதுதான் நாம் முதலில் சொன்ன டெல்டா சிக்மா பை. ஆல்பா காப்பா சை 1910-ல் டென்வர் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை திறந்தது. டெல்டா சிக்மா பையின் இரண்டாவது கிளை 1914-ல் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். அதன் பிறகு நாடு முழுக்கப் பரவின.

நம்ம ஆளுங்களும் உண்டு!

'எல்லாம் காமர்ஸ் பசங்க கதையா இருக்கே' என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முணுமுணுக்க வேண்டாம். ஆல்பா காப்பா சை பிறந்த பத்தாவது நாள், 1904 அக்டோபர் 15-ஆம் தேதி, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நான்கு பொறியியல் மாணவர்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சுத்தியலும் குறடும் சங்கம்'! ஸ்மித்தி ஷாப்பில் நாம் தினம் பிடிக்கும் அதே சுத்தியல், அதே குறடுதான். பிறகு 'தீட்டா டௌ' என்று கிரேக்கப் பெயருக்கு மாறிவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

சேர்வது எப்படி?

இந்தக் கழகங்களில் பீஸ் கட்டியவுடன் சேர்ந்துவிட முடியாது. அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில் 'ரஷ்'. செமஸ்டர் ஆரம்பத்தில் சில நாட்கள் கழகத்தார் கூட்டம் போட்டு, புது மாணவர்களை வரவழைத்துப் பேசுவார்கள். இது முடிந்ததும் நேர்முகம். பிறகு உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள். பழைய காலத்தில் பல கழகங்களில் இதற்கென்று ஒரு மரப்பெட்டி இருக்கும். சம்மதம் என்றால் வெள்ளைக் குண்டு, வேண்டாம் என்றால் கறுப்புக் குண்டு. பெட்டியில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் அந்த ஆளுக்கு இடமில்லை.

தேர்வானவருக்கு 'பிட்' என்ற அழைப்பு வரும். ஏற்றுக்கொண்டால் அவர் 'பிளெட்ஜ்', அதாவது வாக்குக் கொடுத்தவர். நம் ஊர் பாஷையில் அப்ரண்டிஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சட்டையில் சின்ன பின் ஒன்று குத்திக்கொண்டு சில வாரங்கள் பயிற்சி. நிறுவனர்கள் பெயர், கழக வரலாறு, கிரேக்க அரிச்சுவடி எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். பரீட்சையும் உண்டு! ஒவ்வொரு பிளெட்ஜுக்கும் ஒரு சீனியர் 'பெரிய அண்ணன்' ஆக நியமிக்கப்படுவார். படிப்பில், வேலை தேடுவதில், வாழ்க்கையில் கைகொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு.

கடைசியில் சேர்ப்புச் சடங்கு. அதில் நடப்பது உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பது மரபு. மற்றபடி நிறமும் பூவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆல்பா காப்பா சைக்கு நீலமும் பொன்னிறமும், மஞ்சள் ரோஜா. டெல்டா சிக்மா பைக்கு ஊதாவும் பழைய பொன்னிறமும், சிவப்பு ரோஜா. வருடந்தோறும் அக்டோபர் 5-ம், நவம்பர் 7-ம் நிறுவனர் நாள்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

ரகசியம் என்றதும் ஏதோ மந்திர தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாராவாரம் நடப்பது கூட்டம்தான். டை கட்டி, கோட்டுப் போட்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரி வந்து உட்காருவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகள் உண்டு. தீர்மானம் கொண்டு வருவது, வழிமொழிவது, விவாதம், ஓட்டெடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கிறது.

இந்த முறைகளுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் பயன்படுவது 1876-ல் வந்த ராபர்ட்டின் விதிகள். அதை எழுதிய ஹென்றி மார்ட்டின் ராபர்ட் வக்கீலோ அரசியல்வாதியோ அல்ல. ராணுவத்தில் இருந்த ஒரு இன்ஜினியர்! ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது எப்படி நடத்துவதென்று தெரியாமல் திண்டாடியவர், அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கூட்டம் நடத்துவதற்கே விதிப்புத்தகம் எழுதிவிட்டார்.

கூட்டம் தவிர, கம்பெனி அதிகாரிகளை அழைத்துப் பேச வைப்பது, தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்ப்பது, மாதிரி இன்டர்வியூ, பயோடேட்டா எழுதப் பயிற்சி, சமூக சேவை எல்லாம் உண்டு. பட்டம் வாங்கிப் போன பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்கு வேலை விஷயத்தில் வழிகாட்டுவார்கள். டெல்டா சிக்மா பை 1912-லிருந்து, வணிகப் படிப்பில் முதலிடம் பெறும் மாணவருக்கு ஒரு சாவி வடிவப் பதக்கம் தரும் வழக்கத்தை வைத்தது. பெறுபவர் கழக உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் மார்க் வாங்கியவர் வேறு கழகத்தவர் ஆனாலும் சாவி அவருக்குத்தான். இது ஒரு நல்ல பண்பாடு அல்லவா?

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை படித்து 'அடடா, நமக்கும் இப்படி ஒன்று இருந்தால்!' என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இந்தக் கழகங்கள் பல பத்தாண்டுகள் ஆண்களுக்கு மட்டும்தான். அதோடு, இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை அமெரிக்காவின் பல சகோதரக் கழகங்களில் இன்ன இனத்தார், இன்ன மதத்தார் மட்டுமே சேரலாம் என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைக்காத இடத்தில் கறுப்புக் குண்டு அந்த வேலையைச் செய்தது. ஆள் பழக்கம் இல்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு கதவைச் செய்தார்கள். செய்து முடித்ததும் அடுத்தவன் முகத்தில் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே நின்றவர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் 'ஆல்பா ஃபை ஆல்பா'வைத் தொடங்கினார்கள். 1924-ல் வணிகம் படித்த பெண்கள் ஒன்றல்ல, இரண்டு கழகங்களைக் கண்டார்கள்: 'ஃபை காமா நூ', 'ஃபை கை தீட்டா'. 1929-ல் சிகாகோவில் லோலா மெர்சிடிஸ் பார்க்கர் என்ற பெண்மணி, தொழில் செய்யும் கறுப்பினப் பெண்களுக்காக 'அயோட்டா ஃபை லாம்டா'வை நிறுவினார்.

டெல்டா சிக்மா பையில் ஒரு வேடிக்கை நடந்தது. கழகத்தின் ரோஜா என்று ஒரு பெண்ணைப் புகைப்படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் போட்டி அங்கே நெடுங்காலம் உண்டு. படத்தில் ரோஜாவாகச் சிரிக்கலாம், ஆனால் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார முடியாது!

கதவைத் திறந்தது சட்டம். 1972-ல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது. 1974-ல் சமூகக் கழகங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தொழிற்கழகங்களுக்கு விலக்கு இல்லை. காரணம் எளிது. யாரோடு சேர்ந்து தங்குவது என்பது சொந்த விஷயம் என்று வாதாடலாம். ஆனால் தொழிற்கழகம் என்பது வேலைக்குப் போகும் வழி. அந்த வழியில் பாதிப் பேரை மறிப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? டெல்டா சிக்மா பை 1975-லும், ஆல்பா காப்பா சை 1976-லும் பெண்களைச் சேர்த்துக்கொண்டன. பெண்களின் கழகங்களான ஃபை காமா நூவும் ஃபை கை தீட்டாவும் ஆண்களைச் சேர்த்துக்கொண்டன. உறுப்பினர் பெண்ணாக இருந்தாலும் இந்தக் கழகங்களில் 'பிரதர்' என்றே அழைப்பது இன்றும் உள்ள வழக்கம்.

புரூக்ளின் பாலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதைக் கட்டிய சீஃப் இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங் நோயில் படுத்துவிட்டார். அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங்தான் பாலத் தொழில்நுட்பத்தைக் கற்று, கணவரின் உத்தரவுகளைத் தினமும் தளத்துக்குக் கொண்டு போய், வேலையை முடிக்கத் துணை நின்றார். அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் நால்வர் கழகம் கண்டார்கள். அந்தக் கழகத்துக்குள் ஒரு பெண் கால் வைக்க 72 வருடம் ஆயிற்று!

தலைகுனிய வைத்த பக்கம்

இன்னொரு நோயும் உண்டு. புதியவர்களைச் சோதிக்கிறோம் என்று சொல்லி அவமானப்படுத்துவது, தூங்க விடாமல் செய்வது, குடிக்க வைப்பது, அடிப்பது. அங்கே இதற்கு 'ஹேஸிங்' என்று பெயர். நமக்கு ராகிங் என்றால் புரியும். கழகங்களின் தலைமை எழுத்தில் தடை செய்தும், கிளைகளில் நடந்து, மாணவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பல. கல்லூரிகள் தங்கள் வளாகத்தில் நடந்த ஹேஸிங் விவரங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் அங்கே மத்திய சட்டமே வந்தது. தமிழ்நாட்டில் 1996-ல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது நமக்குத் தெரியும். இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

நான் பெருமையாகச் சொன்னேனே, சுத்தியலும் குறடும் சங்கம்? அந்த தீட்டா டௌவின் ஒரு கிளை சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தது. உறுப்பினர்கள் மூடிய அறைக்குள் இனத்தையும் மதத்தையும் ஊனமுற்றோரையும் இழிவு செய்து நடித்த வீடியோ 2018-ல் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் அந்தக் கிளையை நிரந்தரமாக வெளியேற்றிவிட்டது. ரகசியம் நட்பை வளர்க்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அசிங்கத்தையும் அதுவே வளர்த்துவிட்டது.

இன்றைக்கு இன்னொரு குறையும் கேட்கிறது. பல பெரிய பல்கலைக்கழகங்களில் வணிகக் கழகங்களில் சேர விண்ணப்பிப்போர் ஏராளம், இடமோ கொஞ்சம். நன்றாகப் பேசத் தெரிந்த, ஏற்கனவே கோட்டுப் போட்டுப் பழகிய பிள்ளைகள் நேர்முகத்தில் ஜெயிக்கிறார்கள். யாருக்கு அந்தப் பயிற்சி உண்மையில் தேவையோ, அவர் வெளியே நிற்கிறார். மாலை வகுப்புக்கு வந்த அந்த நால்வரே இன்று வந்து விண்ணப்பித்தால், இடம் கிடைக்குமா?

நமக்கு என்ன?

நண்பர்களே, இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சீனியர் ஒருவர் ஜூனியர் ஒருவருக்குப் பொறுப்பேற்பது, கூட்டத்தை முறையோடு நடத்துவது, கணக்கைச் சரியாக எழுதுவது, படித்துப் போனவர்கள் திரும்பி வந்து கைகொடுப்பது. இதற்குக் கிரேக்க எழுத்தும் தேவையில்லை, தங்கப் பதக்கமும் தேவையில்லை. நம் பேரவையிலேயே நாளைக்கே ஆரம்பிக்கலாம். மூன்றாமாண்டு படிக்கும் ஒவ்வொருவரும் முதலாண்டு மாணவர் ஒருவருக்கு வைவாவுக்கும், வேலை இன்டர்வியூவுக்கும் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

விட வேண்டியதும் இருக்கிறது. கறுப்புக் குண்டை விட வேண்டும். நம்மிடம் மரப்பெட்டி இல்லைதான். ஆனால் "அவன் நம்ம செட் இல்லடா", "தமிழ் மீடியம்தானே, மேடையில் என்ன பேசப் போறான்?", "பொண்ணுங்களுக்கு எதுக்கு ஒர்க் ஷாப் கமிட்டி?" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பெட்டியில் விழும் ஒரு கறுப்புக் குண்டுதான். ஒன்று விழுந்தாலே போதும், ஓர் ஆள் வெளியே போய்விடுவார்.

நால்வர் சேர்ந்து நடந்தது நல்ல காரியம். ஐந்தாவதாக ஒருவர் பின்னால் தனியாக வருகிறாரா என்று நாம் திரும்பிப் பார்த்து, அவருக்காகக் கொஞ்சம் நின்று, கூட்டிக்கொண்டு நடப்போம்.

சேர்ந்தே நடப்போம்! எல்லோரும் சேர்ந்தே உயர்வோம்!